உங்களுடையதல்லாத கடனுக்கு வீட்டுக் கதவைத் தட்டினால்: பெங்களூருத் தமிழர்களுக்கு ஒரு வழிமுறை

பெங்களூருவில் வாடகை வீடு மாறிக்கொண்டே இருப்பவர்களுக்கு இது என்றாவது நேரும். முன்பு குடியிருந்தவர் வாங்கிய கடனுக்கு இரண்டு பேர் உங்கள் வாசலில் வந்து நிற்பார்கள். அல்லது புதிதாக வாங்கிய சிம் கார்டுக்குக் காலையிலிருந்து அழைப்பு வரும். கைவிடப்பட்ட எண்களை 90 நாள் கழித்து வேறொருவருக்குக் கொடுக்கலாம் என்பதால், எண்ணோடு பழைய கடன் தொல்லையும் சேர்ந்தே வருகிறது. கடன் யாருடையதோ, வசவு மட்டும் உங்களுக்கு.

“நான் அவன் இல்லை” என்று நிரூபிக்க ஓடுவதுதான் இதில் பலரும் செய்வது. அந்த வேலை உங்களுடையது அல்ல. கடன் உங்களுடையது என்று சொல்பவர்தான் அதைக் காகிதத்தில் காட்ட வேண்டும். கீழே உள்ள படிகள் எல்லாம் இதிலிருந்து வருபவைதான்.

முதல் படி: வந்திருப்பவர் யார்?

இரண்டு வகையினர் உண்டு. ஒருவர் வசூல் முகவர். வங்கியோ நிதி நிறுவனமோ கூலிக்கு அமர்த்திய ஆள். வங்கி கொடுத்த அங்கீகாரக் கடிதமும் அடையாள அட்டையும் அவர் கையில் இருக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. கேட்கவும் பேசவும் அவருக்கு உரிமை உண்டு. வீட்டுக்குள் நுழையவோ, பொருளை எடுக்கவோ, ஸ்கூட்டர் சாவியைப் பிடுங்கவோ இல்லை.

மற்றவர் நீதிமன்ற அமீனா. தீர்ப்பை நிறைவேற்ற நீதிமன்றம் அனுப்பும் அரசு ஊழியர். அவர் கையில் உள்ள வாரன்ட்டில் நீதிமன்ற முத்திரை, கையெழுத்து, வழக்கு எண், எந்தத் தேதிக்குள் நிறைவேற்ற வேண்டும் என்ற விவரம் எல்லாம் இருக்கும். இவரிடம் நடந்துகொள்ள வேண்டிய முறையே வேறு. கடைசிப் படியில் வருகிறேன்.

வாட்ஸ்அப்பில் “கோர்ட் நோட்டீஸ்” என்று வருபவற்றில் பெரும்பாலானவை வக்கீல் நோட்டீஸ், அல்லது லோக் அதாலத் என்ற சமரச மன்றத்தின் அழைப்பு. லோக் அதாலத்தில் இரு தரப்பும் ஒத்துக்கொண்டால்தான் சமரசம். வாட்ஸ்அப்பில் அழைத்துக் கடன் பணத்தை யுபிஐ மூலம் கேட்கும் நீதிமன்றம் இந்த நாட்டில் எங்கும் கிடையாது. அப்படிப்பட்ட அழைப்பு வந்தால் நேராக 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குச் சொல்லுங்கள்.

இரண்டாம் படி: வாசலில் பேசுவது

கிரில் கதவைத் திறக்காமலேயே பேசலாம். இவ்வளவு போதும்: “நீங்கள் தேடுபவர் இங்கே இல்லை. எந்த வங்கி, எந்த ஏஜென்சி, உங்கள் பெயர் என்ன? அங்கீகாரக் கடிதத்தைக் காட்டுங்கள்.” அவர் கன்னடத்திலோ இந்தியிலோ பேசினால் தெரிந்த மொழியில் மெதுவாகச் சொல்லுங்கள், மொழி தடுமாறும்போதுதான் நம் குரல் தேவையில்லாமல் உயர்கிறது. கடிதத்தையும் அட்டையையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொருவரின் கடன் தொகையையும் தவணை விவரத்தையும் உங்களிடம் சொல்ல அவர் மறுத்தால் அது சரிதான். அது கடன் வாங்கியவரின் அந்தரங்கம். ஆனால் “கடன் உன்னுடையதுதான்” என்று சொல்பவர் கணக்கு எண்ணைச் சொல்லியே ஆக வேண்டும்.

செய்யக் கூடாதவை இரண்டு. ஒன்று, நல்லவர் என்று காட்டிக்கொள்ள ஆதார், பான் அட்டைகளை அவர் போனில் படம் எடுக்க விடாதீர்கள். அந்தப் படம் எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாது. இல்லாத கடன் உண்டாவதற்கு அதுவே வழி. இரண்டு, “ஐந்நூறு ரூபாய் கட்டுங்கள், இந்த மாதம் வர மாட்டோம்” என்றால் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். கட்டினால், நீங்கள் கடனை ஒப்புக்கொண்டதாகவே அதைக் காட்டப் பார்ப்பார்கள்.

காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் வசூலுக்காக அழைக்கக் கூடாது, மிரட்டக் கூடாது, கடன் வாங்கியவரின் குடும்பத்தார், நண்பர்கள், விண்ணப்பத்தில் பெயர் தரப்பட்டவர்கள் ஆகியோரின் அந்தரங்கத்தில் தலையிடக் கூடாது என்று 2022 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி தெளிவாகச் சொல்லிவிட்டது. அழைப்பு வந்த நேரங்களைக் குறித்து வையுங்கள்; பின்னால் உதவும்.

மூன்றாம் படி: இது எந்த வகைச் சிக்கல்?

முகவரியோ எண்ணோ மட்டும் பொருந்துகிறதா? எளிது, ஒரு கடிதத்தில் முடியலாம்.

பெயர் பொருந்துகிறதா? இது தமிழர்களுக்கென்றே எழுதி வைத்தது போன்ற தொல்லை. “எஸ். குமார்” என்று கூப்பிட்டால் அல்சூர் சந்தையில் பத்துப் பேர் திரும்பிப் பார்ப்பார்கள். நம் முன்னெழுத்தை ஒரு அலுவலகம் தந்தை பெயராக விரிக்கும், இன்னொன்று குடும்பப் பெயராக்கிவிடும், மூன்றாவது விட்டுவிடும். ஆகவே பெயரைப் பற்றி வாதாடாதீர்கள். பிறந்த தேதியும் பான் எண்ணும் உங்களுடையவைதானா என்று ஒப்பிட்டுச் சொல்லும்படி வங்கியை எழுத்தில் கேளுங்கள்.

நண்பர் தன் கடன் விண்ணப்பத்தில் உங்கள் எண்ணைக் கொடுத்திருக்கிறாரா? அப்படிப் பெயர் கொடுக்கப்பட்டவருக்குக் கடனில் ஒரு பைசா பொறுப்பும் இல்லை. ஆனால் ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தால் நிலைமை தலைகீழ்: 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 128ஆம் பிரிவின்படி, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், கடனாளிக்கு உள்ள பொறுப்பு முழுவதும் ஜாமீன்தாரருக்கும் உண்டு. அப்போது இந்தக் கட்டுரை உங்களுக்கானது அல்ல.

இறந்துபோன அப்பாவின் கடனா? அவரிடமிருந்து உங்களுக்கு வந்த சொத்தின் அளவுக்குத்தான் பொறுப்பு. எதுவும் வரவில்லை என்றால் உங்கள் சம்பளத்தில் கை வைக்க முடியாது. உயிரோடிருக்கும் தம்பியின் கடனுக்கு அண்ணன் என்ற ஒரே காரணத்துக்காக நீங்கள் பொறுப்பாளி ஆவதில்லை, ஊரில் பெரியவர்கள் என்ன சொன்னாலும் சரி.

கடைசி வகைதான் மோசமானது: உங்கள் பான் எண்ணை வைத்து வேறு யாரோ கடன் வாங்கியிருப்பது.

நான்காம் படி: கடன் அறிக்கையைப் பார்ப்பது

எந்த வகை என்று தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் இதைச் செய்துவிடுங்கள். ஒவ்வொருவரின் கடன் பதிவையும் வைத்திருப்பவை சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்று நான்கு நிறுவனங்கள். ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். அவற்றின் சொந்த இணையதளத்திலேயே எடுங்கள்; “இலவச ஸ்கோர்” என்று கூவும் செயலிகள் வேண்டாம்.

நீங்கள் வாங்காத கடன் அதில் இருந்தால், அந்த இணையதளத்திலேயே ஆட்சேபம் பதிவு செய்யுங்கள். 30 நாளுக்குள் தீர்க்க வேண்டும். தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்ற விதி 2024 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது. அதோடு சைபர் குற்ற இணையதளத்திலும் புகார் கொடுத்துவிடுங்கள். அந்தப் புகார் எண் இல்லாமல் வங்கி உங்களைப் பொருட்படுத்தாது.

ஐந்தாம் படி: ஒரு கடிதம்

வசூல் முகவருக்கு எழுதுவது வீண். வங்கியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். முகவரி வங்கியின் இணையதளத்தில் இருக்கும். ஆங்கிலத்திலோ கன்னடத்திலோ எழுதினால் வேலை வேகமாக நடக்கும். உள்ளடக்கம் இது:

“உங்கள் முகவர் என்று சொல்லிக்கொண்ட ஒருவர் இந்தத் தேதியில், இந்த நேரத்தில் என் வீட்டுக்கு வந்து, இந்தப் பெயருடையவரின் கடனைக் கேட்டார். அந்த நபர் நான் அல்ல. நான் இந்த முகவரியில் இந்தத் தேதியிலிருந்து குடியிருக்கிறேன். என்னுடைய கடன் என்று நீங்கள் கருதினால், கையெழுத்திட்ட விண்ணப்பத்தையும் பணம் வரவு வைக்கப்பட்ட கணக்கின் விவரத்தையும் அனுப்புங்கள். இல்லையென்றால் என் முகவரியையும் எண்ணையும் உங்கள் பதிவிலிருந்து நீக்கி, நீக்கியதை எழுத்தில் தெரிவியுங்கள்.”

வாடகை ஒப்பந்தத்தின் நகலை இணையுங்கள். மின் கட்டண ரசீது பெரும்பாலும் வீட்டுக்காரர் பெயரில் இருக்கும், பயன்படாது. அடையாளம் கேட்டால் கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் ஆதாரைக் கொடுங்கள். மின்னஞ்சல் ஒன்று, ஸ்பீட் போஸ்ட் ஒன்று.

30 நாளில் பதில் இல்லை, அல்லது பதில் மழுப்பல் என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். இணையத்தில் பதியலாம், கட்டணம் இல்லை, வழிகாட்ட 14448 என்ற எண் இருக்கிறது. வங்கிக்கு முதலில் எழுதாமல் அங்கே போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

மிரட்டினாலோ வீட்டுக்குள் புகுந்தாலோ 30 நாள் காத்திருக்க வேண்டியதில்லை. 112ஐ அழையுங்கள், பிறகு காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்து எண் இட்ட ஒப்புகை வாங்குங்கள். “இது சிவில் விவகாரம்” என்பார்கள். கடன்தான் சிவில், மிரட்டலும் அத்துமீறலும் குற்றம். சிறு கடன் வசூலில் வற்புறுத்தலைத் தடுக்கக் கர்நாடக அரசு 2025 பிப்ரவரியில் 10 ஆண்டு வரை சிறை என்று அவசரச் சட்டமே கொண்டுவந்தது. காவல் நிலையங்கள் இப்போது முன்பு போல அலட்சியமாக இருக்க முடியாது.

ஆறாம் படி: வந்திருப்பவர் அமீனா என்றால்

தடுக்காதீர்கள், தள்ளாதீர்கள், அரசு ஊழியரின் பணியைத் தடுப்பது தனிக் குற்றம். வாரன்ட்டைப் படித்துப் பாருங்கள். தீர்ப்புக் கடனாளியின் (பணம் கட்ட வேண்டும் என்று தீர்ப்பானவரின்) பெயர், தந்தை பெயர், முகவரி மூன்றும் என்ன என்று பார்த்து, வழக்கு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். சூரியன் மறைந்த பின்பும் உதிப்பதற்கு முன்பும் அவர் வீட்டுக்குள் நுழைய முடியாது. கடனாளி குடியிருக்காத வீட்டின் வெளிக்கதவை உடைக்கவும் முடியாது. சிவில் நடைமுறைச் சட்டத்தின் 62ஆம் பிரிவு இது.

வாடகை ஒப்பந்தத்தைக் காட்டி, “வாரன்ட்டில் உள்ளவர் இங்கே குடியில்லை என்று ஷரா (குறிப்பு) எழுதுங்கள்” என்று மரியாதையாகக் கேளுங்கள். பெரும்பாலும் எழுதிக்கொண்டு போய்விடுவார். வேறொருவர் வீட்டுப் பொருளை ஜப்தி செய்து நீதிபதியிடம் திட்டு வாங்க அவருக்கும் விருப்பம் இருக்காது.

கடனாளித் தம்பியும் நீங்களும் ஒரே வீட்டில் இருந்தால்தான் சிக்கல். ஃபிரிட்ஜ் யாருடையது என்று அமீனாவுக்கு எப்படித் தெரியும்? வாங்கிய ரசீதையும் உங்கள் கணக்கிலிருந்து பணம் போனதற்கான வங்கிப் பதிவையும் காட்டுங்கள். உடுத்தும் துணி, சமையல் பாத்திரம், படுக்கை, தொழிலாளியின் கருவிகள் ஆகியவை கடனாளியுடையவையாகவே இருந்தாலும் ஜப்தி செய்ய முடியாது. அதையும் மீறி உங்கள் பொருளை எடுத்தால் பட்டியலின் நகலைக் கேட்டு வாங்கி, அதே நீதிமன்றத்தில் ஆணை 21, விதி 58இன்படி உரிமை கோரும் மனுப் போட வேண்டும். ஏலம் முடிந்த பிறகு போனால் மனுவை எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

வழக்கு எண்ணை இ-கோர்ட்ஸ் இணையதளத்தில் போட்டுப் பாருங்கள். சம்மனே வராமல் உங்கள் பெயரிலேயே ஒருதலைப்பட்சத் தீர்ப்பு ஆகியிருந்தால், தெரிய வந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் அதை ரத்து செய்யக் கேட்கலாம். இதை வழக்கறிஞர் இல்லாமல் செய்யப் போகாதீர்கள். பணம் இல்லையென்றால் 15100இல் சட்ட உதவி கேளுங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு எதுவும் இல்லை.

வங்கியிடமிருந்து “உங்களுக்குத் தொடர்பில்லை” என்ற கடிதம் வந்ததும் கோப்பில் போட்டு வையுங்கள். வாராக் கடன்களை வங்கிகள் மொத்தமாகச் சொத்து மறுசீரமைப்பு நிறுவனங்களுக்கு, அதாவது அவற்றை வாங்கி வசூலிக்கும் நிறுவனங்களுக்கு, விற்றுவிடுவது வழக்கம். பழைய பட்டியலோடு அடுத்த ஆண்டு வேறொரு முகவர் வருவார். அவருக்கு நகலைக் கொடுங்கள், மூலத்தைக் கொடுக்காதீர்கள்.