குளிர்ல மவுண்டன் பைக் ஓட்ட என்ன டிரெஸ் போடணும்? புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு

குளிர்காலத்துல டிரெயிலுக்கு (மலை, காட்டு மண் பாதைக்கு) கிளம்புற புது ஆளுங்க பெரும்பாலும் செய்யுற வேலை, வீட்ல இருக்குறதுலயே தடியான ஜாக்கெட்டை எடுத்து மாட்டுறதுதான். ஏத்தத்துல கொஞ்ச நேரம் மிதிச்சாலே உள்ள தொப்பலா நனைஞ்சிரும், அந்த ஈரத்தோட இறக்கத்துல காத்து அடிக்கும்போது பல்லு கிடுகிடுன்னு ஆடும். அதனால குளிரைத் தடுக்குறதை விட வேர்வையை வெளிய அனுப்புறதுக்குத்தான் நாம டிரெஸ் பண்ணணும்.

ஸ்டெப் 1: வெதர் ஆப்ல காத்தையும் பாருங்க
5 டிகிரின்னு போட்டிருக்கும், ஆனா மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்துல காத்து பட்டா அது 0 டிகிரி மாதிரிதான் இருக்கும். 0 டிகிரியா இருந்தா மைனஸ் 6 மாதிரி. நீங்க இறங்குற வேகமே அந்தக் காத்தை உண்டாக்கிரும், அதனால வெளிய ஒரு இலை கூட அசையலன்னு நம்பிப் போகாதீங்க.

ஸ்டெப் 2: தோலை ஒட்டி போடுற பேஸ் லேயர்
காட்டன் பனியன் வேண்டவே வேண்டாம், அது வேர்வையைக் குடிச்சிட்டு காயாம அப்படியே கிடக்கும். மெரினோ உல் (மெல்லிசான ஆட்டு ரோமத் துணி) இல்லன்னா பாலியெஸ்டர், உடம்போட ஒட்டின மாதிரி டைட்டா. மெரினோ நனைஞ்சாலும் ஓரளவு சூடு தரும், நாத்தமும் கம்மி, பாலியெஸ்டர் சீக்கிரம் காயும், விலையும் குறைவு. ஒண்ணே ஒண்ணுக்குத்தான் காசு இருக்குன்னா இதுக்கு செலவு பண்ணுங்க, ஜாக்கெட் அப்புறம் பாத்துக்கலாம்.

ஸ்டெப் 3: நடுவுல ஒண்ணு, மேல ஒண்ணு
5 டிகிரிக்கு மேலன்னா பேஸ் லேயர் மேல காத்து தடுக்குற மெல்லிசு ஜாக்கெட் பல பேருக்குப் போதும். அதுக்கும் கீழ போனா நடுவுல ஒரு மெல்லிசு ஃப்ளீஸ் (புசுபுசுன்னு இருக்குற சூடான துணி). ஜாக்கெட் வாங்கும்போது முன்பக்கம் காத்தைத் தடுக்குதா, முதுகுப்பக்கம் காத்தோட்டமா இருக்கா, அக்குள்ல ஜிப் இருக்கான்னு பாருங்க. மழை ஜாக்கெட்டை மழை வந்தா மட்டும் போடுங்க, சும்மா போட்டா உள்ள வேர்வை அடைஞ்சிரும்.

ஸ்டெப் 4: கால்
பேடிங் ஷார்ட்ஸ் (உக்கார்ற இடத்துல மெத்தை வச்சது) மேல நீளமான டிரெயில் பேன்ட். பேன்ட் இல்லன்னா ஷார்ட்ஸோட நீ-வார்மர் (முட்டியை மூடுற துணி உறை). முட்டி வெறுமையா இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

ஸ்டெப் 5: கை, பாதம்
நிறைய பேர் பாதியிலயே திரும்பி வர்றதுக்குக் காரணம் இதுதான். ஏன்னா ஹேண்டில்பார்ல கை அசையாம இருக்கு, நேரா காத்துல வேற. ஆனா ரொம்ப தடியான கிளவுஸ் போட்டா பிரேக் லீவர் எங்க இருக்குன்னே விரலுக்குத் தெரியாது, இறக்கத்துல அது ஆபத்து. காத்து தடுக்குற மெல்லிசு கிளவுஸ் ரெண்டு ஜோடி எடுத்துக்கோங்க, ஏத்தத்துல ஒண்ணு நனைஞ்சா இறங்குறதுக்கு முன்னாடி காஞ்சதை மாத்திக்கலாம். மைனஸ்ல ஓட்டுறீங்கன்னா ஹேண்டில்பார்லயே மாட்டுற போகீஸ் (கையை உள்ள விட்டுக்குற பெரிய உறை) வாங்கிருங்க, உள்ள சாதா கிளவுஸே போதும்.

பாதத்துக்கு ரெண்டு சாக்ஸ் போட்டு ஷூக்குள்ள திணிக்காதீங்க, இறுக்கினா ரத்த ஓட்டம் குறைஞ்சு இன்னும் சில்லுன்னு ஆகும். ஒரே ஒரு உல் சாக்ஸ், விரலை அசைக்கிற அளவுக்கு ஷூல இடம். கிளிப் பெடல் ஷூல கிளீட் (ஷூவைப் பெடலோட பூட்டுற அடிப்பக்கத் துண்டு) இரும்பு வழியா குளிர் ஏறும், அதனால குளிர்காலத்துக்கு மட்டும் பூட்டு இல்லாத ஃபிளாட் பெடலுக்கு மாறுறவங்களும் இருக்காங்க. (எனக்கும் அதுதான் புடிக்கும், சேத்துல கிளீட் அடைக்கிற தொல்லையும் இல்ல.)

ஸ்டெப் 6: தலை
ஹெல்மெட்டுக்குள்ள காதை மூடுற மெல்லிசு தொப்பி, கழுத்துக்கு பஃப் (கழுத்தைச் சுத்தி மாட்டுற குழாய் மாதிரி துணி). தொப்பி போட்டப்புறம் ஹெல்மெட் ஸ்ட்ராப்பை மறுபடி சரி பண்ணுங்க, மறந்துராதீங்க. பஃப்பை மூக்கு வரைக்கும் இழுத்தா கண்ணாடில ஆவி படியும்.

ஸ்டெப் 7: கிளம்புற நேரத்துல
வாசல்ல நிக்கும்போது லேசா குளிரணும். அங்கயே கதகதன்னு இருந்தா ஒரு லேயரைக் கழட்டி பேக்ல வைங்க. ஏத்தம் தொடங்கும்போதே, வேர்க்குறதுக்கு முன்னாடியே ஜிப்பைத் திறங்க, பேக்ல ஒரு பஃபர் ஜாக்கெட் (உள்ள பஞ்சு மாதிரி அடைச்ச உப்பலான ஜாக்கெட்) வச்சுக்கோங்க, மேல ஏறினதும் அதை உடனே போட்டுட்டு அப்புறம் போட்டோ எடுங்க. இறங்கும்போது அதைக் கழட்டிட்டு காத்து தடுக்குற ஜாக்கெட்டோட ஜிப்பை முழுசா மூடிருங்க. மைனஸ்ல தண்ணி பேக் (முதுகுல மாட்டி டியூப் வழியா குடிக்குறது) யூஸ் பண்றவங்க ஒவ்வொரு தடவை குடிச்சதும் டியூப்ல ஊதி மிச்சத் தண்ணியை பேக்குள்ளயே தள்ளிருங்க, இல்லன்னா டியூப் உறைஞ்சு ஒரு சொட்டு வராது.