கேரவனில் மலிவு லித்தியம் பேட்டரி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

2022, 2023இல் தென்னாப்பிரிக்காவில் மின்வெட்டின் கடுமை ஸ்டேஜ் 6 வரை போனபோது டர்பன் பக்கம் நம்மவர் வீடுகளில் இன்வெர்ட்டரும் லித்தியம் பேட்டரியும் வந்து சேர்ந்தன. மின்வெட்டு அடங்கியதும் அந்தப் பேட்டரிகள் ஒவ்வொன்றாகக் கேரவனுக்கு இடம் மாறுகின்றன. புதிதாக வாங்குகிறவர்களும் பெரும்பாலும் விலை குறைந்த ரகத்தைத்தான் எடுக்கிறார்கள். அதில் எனக்குக் குறையே கிடையாது. அவற்றில் பலவற்றின் செல்கள் நன்றாகவே இருக்கின்றன. விலையைக் குறைக்க வேண்டுமென்றால் செல்களைப் பாதுகாக்கும் பி.எம்.எஸ். பலகையில்தான் கை வைப்பார்கள். அப்புறம் ஸ்டிக்கரில் எதை எழுதுவது, எதை விடுவது என்பதிலும்.

டர்பனின் சாட்ஸ்வர்த்தில் கேரவன்களுக்கு ஒயரிங் செய்து கொடுப்பது என் தொழில். ஈயப் பேட்டரி வகையான ஜெல் பேட்டரி காலத்துப் பழக்கங்களை அப்படியே லித்தியத்துக்கும் கொண்டுவந்து பணத்தைத் தொலைப்பவர்கள் மாதாமாதம் வருகிறார்கள். பிளஸ்ஸையும் மைனஸையும் மாற்றி மாட்டக் கூடாது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்தது. அதை விட்டுவிடுகிறேன். தெரியாமல் செய்கிற தவறுகள் மட்டும் இங்கே.

உறைபனியில் சார்ஜ் ஏற்றுவது

நாம் கடற்கரை ஊர்க்காரர்கள். டர்பனில் நம் குளிர்காலமான ஜூலை மாத இரவுகூடச் சராசரியாக 10 டிகிரிக்கு மேலேதான் இருக்கும். அதனால் குளிர் ஒரு பேட்டரியைக் கெடுக்கும் என்ற நினைப்பே நமக்கு வருவதில்லை. ஆனால் அதே ஜூலையில், பள்ளி விடுமுறைக்குக் கேரவனை இழுத்துக்கொண்டு எங்கே போகிறோம்? அண்டர்பர்க், ஹிமேவில், கோல்டன் கேட், சிலர் சதர்லாந்து வரைக்கும். அண்டர்பர்க் 1,500 மீட்டர் உயரம். விடிகாலையில் புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்து கிடக்கும்.

நாம் வாங்குவது லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகை. 3.2 வோல்ட் செல் நான்கு சேர்ந்து 12.8 வோல்ட். சார்ஜ் ஏறும்போது லித்தியம் அயனிகள் செல்லின் மைனஸ் முனையில் உள்ள கிராஃபைட்டுக்குள் நுழைய வேண்டும். பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே அவை உள்ளே போகிற வேகம் மிகவும் குறைந்துவிடும். நாம் தள்ளுகிற மின்சாரமோ குறையாது. நுழைய முடியாத லித்தியம் மேற்பரப்பிலேயே உலோகமாகப் படிந்துவிடுகிறது. படிந்ததில் ஒரு பகுதி திரும்பி வராது, அது நிரந்தர இழப்பு. படிவு ஊசி மாதிரி வளர்ந்து செல்லுக்குள் ஷார்ட் ஆகும் அபாயமும் உண்டு. எவ்வளவு அதிக ஆம்பியர் ஏற்றுகிறோமோ அவ்வளவு சேதம்.

தெரிந்த குடும்பத்துப் பையன் ஒருவன், மீன்பிடிக்க ஹிமேவில் போய்வருகிறவன், 100 ஏ.எச். (ஆம்பியர்-மணி, அதாவது கொள்ளளவு) பேட்டரி ஒன்றைக் கேரவனின் முன்பக்கப் பெட்டிக்குள் வைத்திருந்தான். இழுவைக் கம்பிக்கு மேலே இருக்கிற மெல்லிய அலுமினியப் பெட்டி. வெளியே என்ன குளிரோ உள்ளேயும் அதே குளிர். இரண்டு குளிர்காலம் போனதும், "அண்ணா, ஃப்ரிட்ஜ் ராத்திரியிலேயே நின்னுடுது, பேட்டரிக்கு என்ன ஆச்சுன்னு பாருங்க" என்று வந்தான். முழுக்க ஏற்றி, ஓடும் மின்சாரத்தை அளக்கும் ஷண்ட் வைத்து நிதானமாக இறக்கிப் பார்த்தேன். 70 ஏ.எச்.கூடத் தேறவில்லை.

அவன் என்ன செய்தான் என்று விசாரித்தேன். அதிகாலை ஆறு மணிக்கே கிளம்பி ஊர் திரும்புவானாம். பக்கியை (பிக்கப் வண்டியை) ஸ்டார்ட் செய்ததும், வண்டியின் மின்சாரத்தில் கேரவன் பேட்டரியை ஏற்றும் டிசி-டிசி சார்ஜர், இரவெல்லாம் உறைந்து கிடந்த பேட்டரிக்குள் 30 ஆம்பியரைத் தள்ள ஆரம்பித்துவிடும். காலை வெயிலில் சோலார் பேனல் செய்வதைவிட இது மோசம். இன்னொன்றும் கவனியுங்கள்: ஒன்பது மணிக்கு வெளியே 8 டிகிரி காட்டினாலும், பத்துப் பன்னிரண்டு கிலோ எடையுள்ள பேட்டரியின் நடுப்பகுதி சூடாக இன்னும் சில மணி நேரம் ஆகும். காற்றின் வெப்பத்தை வைத்துப் பேட்டரியைக் கணிக்க முடியாது.

எனக்கு இன்றுவரை ஆறாத கோபம் எதில் என்றால், அந்தப் பேட்டரியின் முன்பக்க ஸ்டிக்கரில் பெரிய எழுத்தில் "-20 முதல் 60 டிகிரி வரை" என்று இருந்தது. அது மின்சாரத்தை எடுப்பதற்கான அளவு. ஏற்றுவதற்கான அளவு, 0 முதல் 45 டிகிரி, டப்பாவுக்குள் மடித்து வைத்த தாளின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தது. உத்தரவாதம் கேட்டுப் போனபோது விற்றவர் அந்தப் பொடி எழுத்தைக் காட்டித்தான் திருப்பி அனுப்பினார். விற்கும்போது ஒரு எண், பொறுப்பைத் தட்டிக்கழிக்க வேறொரு எண். படிக்கிற பையன் சேர்த்து வைத்த காசு அது.

ஆகவே வாங்கும் முன் ஒரே கேள்வி கேளுங்கள்: குளிரில் சார்ஜ் ஏறுவதை பி.எம்.எஸ். தானாக நிறுத்துமா, எத்தனை டிகிரியில்? "எல்லாப் பாதுகாப்பும் இருக்கு" என்பது பதில் ஆகாது. எழுத்தில் ஒரு எண் வேண்டும். வாங்கிய பிறகு சோதிக்கவும் வழி உண்டு. பாதி சார்ஜில் பிளாஸ்டிக் பையில் சுற்றி ஓர் இரவு டீப் ஃப்ரீசரில் வையுங்கள். காலையில் 2, 3 ஆம்பியர் சின்ன சார்ஜரை ஒரு கணம் மாட்டிப் பாருங்கள். ஏறவில்லை என்றால் தடுப்பு வேலை செய்கிறது. ஏறினால் உடனே கழற்றிவிட்டு, திருப்பிக் கொடுக்க அவகாசம் இருக்கும்போதே கொடுத்துவிடுங்கள்.

ஏற்கெனவே தடுப்பு இல்லாததை வாங்கிவிட்டீர்களா? தூக்கிப்போட வேண்டாம். பேட்டரியை முன்பெட்டியிலிருந்து எடுத்து கேரவனுக்குள், கட்டிலுக்கு அடியில் வையுங்கள். ஆள் படுத்திருக்கிற இடத்தில் பூஜ்ஜியத்துக்குக் கீழே போவது அரிது. சோலார் பேனலுக்கும் அதன் சார்ஜ் கன்ட்ரோலருக்கும் நடுவே ஒரு ஸ்விட்ச், டிசி-டிசி சார்ஜருக்கு ஒரு ஸ்விட்ச். மலைப் பக்கம் போனால் இரண்டையும் இரவே அணைத்துவிடுங்கள். ஒரு மலிவுத் தெர்மாமீட்டரின் முனையைப் பேட்டரியின் பக்கவாட்டில் டேப் போட்டு ஒட்டுங்கள். 5 டிகிரி காட்டும்வரை எதையும் ஏற்றாதீர்கள். விளக்கு, பம்ப், ஃப்ரிட்ஜ் எல்லாம் தாராளமாக ஓடலாம், எடுப்பதற்குக் குளிர் தடையில்லை.

வண்டியின் ஆல்டர்னேட்டரிலிருந்து நேராக இழுப்பது

லித்தியத்தின் உள்தடை மிகக் குறைவு. தடிமனான ஒயரைப் போட்டு நேராக இணைத்தால், என்ஜின் சுழற்றி மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர் கொடுக்கிற அத்தனையையும் அது விழுங்கும். என்ஜின் மெதுவாகச் சுற்றும்போது ஆல்டர்னேட்டரின் விசிறிக் காற்றும் போதாமல் சூடேறிக் கருகிவிடும். பேட்டரி நிறைந்ததும் பி.எம்.எஸ். திடீரென்று துண்டித்தால், அந்த நொடியில் எகிறும் வோல்டேஜ் வண்டியின் மின்னணுப் பாகங்களையும் அடிக்கலாம். வண்டியையும் கேரவனையும் இணைக்கும் பழைய ஏழு முனை பிளக்கின் மெல்லிய ஒயர் வழியாக இழுப்பவர்களுக்கு வேறு தொல்லை: ஒயரிலேயே வோல்டேஜ் இறங்கி, பேட்டரி எப்போதும் அரைகுறையாகவே நிற்கும். இரண்டுக்கும் தீர்வு டிசி-டிசி சார்ஜர்தான். அதில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

வோல்டேஜைப் பார்த்து மீதியைக் கணிப்பது

ஜெல் பேட்டரியில் 12.2 என்றால் பாதி என்று மனப்பாடம். லித்தியத்தில் அந்தக் கணக்கு செல்லாது. பாதிக்குக் கொஞ்சம் கீழேயிருந்து ஏறக்குறைய முழுமை வரை 13.1, 13.3 என்று ஒரே இடத்தில் நிற்கும், அப்புறம் கடைசியில் சட்டென்று விழும். ஷண்ட் வைத்த மானிட்டர் ஒன்று வாங்குங்கள்.

பெரிய இன்வெர்ட்டர்

1,500 வாட் ஏர் ஃப்ரையர் ஓட 12.8 வோல்ட்டில் 117 ஆம்பியர் வேண்டும். இன்வெர்ட்டரின் இழப்பையும் சேர்த்தால் 130ஐத் தொடும். மலிவு 100 ஏ.எச். பேட்டரியின் பி.எம்.எஸ். வழக்கமாக 100 ஆம்பியருக்குத்தான். துண்டித்துக்கொள்ளும், அல்லது சூடாகிச் சூடாகிக் கெட்டுப்போகும். சமையலுக்குக் கேஸ் இருக்கிறது.

ஃபியூஸ்

பிளஸ் முனைக்கு ஒரு சாண் தூரத்துக்குள். இல்லாமல் எந்த ஒயரையும் மாட்டாதீர்கள்.

பழைய ஜெல் பேட்டரியோடு சேர்த்துக் கட்டுவது

கூடாது.

பழைய சார்ஜர்

ஈயப் பேட்டரிக்கான சார்ஜர்கள் சிலவற்றில் 15 வோல்ட்டுக்கு மேல் ஏறுகிற சீரமைப்பு முறை உண்டு. லித்தியத்துக்கு 14.6தான் உச்சம். அந்த முறையை அணைக்க முடியாத சார்ஜர் என்றால் அதை கராஜிலேயே விட்டுவிடுங்கள்.

காலியாக நிறுத்திவைப்பது

ஈஸ்டருக்குத் தென்கரையில் முகாம் போட்டுவிட்டு வந்து, ஃப்ரிட்ஜ் தானாக நின்ற நிலையிலேயே டிசம்பர் வரை கேரவனைப் பூட்டி வைப்பார்கள். பி.எம்.எஸ். பலகை தனக்கென்று கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டே இருக்கும். காலிப் பேட்டரியில் அதற்கும் இடமில்லை. செல்கள் 2 வோல்ட்டுக்குக் கீழே இறங்கிவிட்டால் மீட்கப் பார்க்காதீர்கள், உள்ளே செம்பு கரைந்திருக்கலாம், ஆபத்து. நிறுத்தும்போது பாதியளவு ஏற்றி, மெயின் ஸ்விட்சை அணைத்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை வோல்டேஜ் இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள்; பி.எம்.எஸ். குடிப்பது ஷண்ட்டில் தெரியாது. கிளம்புவதற்கு முந்தின நாள் 14.4 வரை ஏற்றி ஒரு மணி நேரம் அப்படியே விடுங்கள். மலிவு பி.எம்.எஸ். செல்களைச் சமன்செய்வது அந்த உச்சியில் மட்டும்தான்.