வீடா, பங்கா, பிரைவேட் ஈக்விட்டியா: ஒப்பிடும்போது எங்கே தப்புகிறோம்

"15 வருஷத்தில் மூணு மடங்கு ஆயிடுச்சு, எந்தப் பங்கு இப்படிக் கொடுக்கும்?" வீடு வாங்கி விற்ற யாரிடமாவது பேசினால் இந்த வரி கட்டாயம் வரும். 100 போட்டு 300 வந்தால் கூட்டு வளர்ச்சி வருஷத்துக்கு 7.6 சதவீதம்தான். வாங்கும்போது பத்திரச் செலவு, தரகு எல்லாம் சேர்த்து 8, விற்கும்போது 5 போயிற்று என்று வையுங்கள், 6.9க்கு இறங்கிவிடும். பராமரிப்பும் வரியும் இன்னும் இழுக்கும், வாடகை கொஞ்சம் தூக்கும். மோசமான கணக்கு இல்லை, ஆனால் "மூணு மடங்கு" என்று கேட்டபோது மனசில் தோன்றிய கணக்கு இது இல்லையே.

இதே தவறு எதிர்ப்பக்கமும் நடக்கிறது. வாடகையை விட்டுவிட்டு வீட்டு விலை ஏற்றத்தை மட்டும் எடுத்து, டிவிடெண்டையும் (கம்பெனி பங்குதாரர்களுக்குப் பிரித்துத் தரும் லாபம்) சேர்த்த பங்கு வருமானத்தோடு நிறுத்துகிறார்கள். அல்லது வாடகையைச் சேர்த்துவிட்டு, டிவிடெண்ட் சேராத குறியீட்டு எண்ணோடு ஒப்பிடுகிறார்கள். செய்திகளில் தினமும் வரும் அமெரிக்கப் பங்குக் குறியீடான எஸ் அண்ட் பி 500 எண்ணில் டிவிடெண்ட் கிடையாது. ஒப்பிடுவதென்றால் இரண்டு பக்கமும் முழு வருமானம் வேண்டும்.

அப்புறம் கடன். 20 கையிலிருந்து, 80 கடன் வாங்கி 100க்கு வீடு வாங்கியவருக்கு விலை 10 சதவீதம் ஏறினால், வட்டிக்கு முன் சொந்தப் பணத்தில் 50 சதவீத லாபம். இதைப் பார்த்துத்தான் "ரியல் எஸ்டேட் மாதிரி வராது" என்கிறார்கள். அந்த லாபத்தைப் பெருக்கியது கடன், அதுவும் இருபக்கமும் வெட்டும்: விலை 20 சதவீதம் இறங்கினால் போட்ட 20 மொத்தமும் போய்விடும். கடன் வாங்கிய வீட்டைக் கடனில்லாத பங்கோடு ஒப்பிட்டால், பாதிக்கு மேல் கடனைத்தான் அளக்கிறீர்கள்.

எனக்கு மிகவும் கவலை தருவது "விலை ஆடவே இல்லை, அதனால் பாதுகாப்பு" என்ற நம்பிக்கை. பங்குக்கு ஒவ்வொரு நொடியும் விலை வருகிறது. கட்டடத்துக்கும், பிரைவேட் ஈக்விட்டி ஃபண்ட் (பலரிடம் பணம் திரட்டி, பெரும்பாலும் சந்தையில் பட்டியலிடாத கம்பெனிகளை வாங்கி விற்கும் ஃபண்ட்) வைத்திருக்கும் கம்பெனிக்கும் சில மாதங்களுக்கு ஒருமுறை யாரோ உட்கார்ந்து மதிப்பு போடுகிறார்கள். 2022ல் அமெரிக்காவில் என்ன நடந்தது பாருங்கள்: வட்டி விகிதம் ஏறியது, சந்தையில் பங்கு மாதிரி வர்த்தகமாகும் ரெய்ட்கள் (கட்டடங்களை வைத்து வாடகை ஈட்டும் நிறுவனங்கள்) அந்த ஒரே வருஷத்தில் ஏறத்தாழ கால்வாசி மதிப்பை இழந்தன, ஆனால் மதிப்பீட்டை வைத்து ஓடும் தனியார் ரியல் எஸ்டேட் குறியீடு அந்த வருஷத்தை லாபத்தில் முடித்தது. இரண்டிலும் இருப்பது அலுவலகம், குடியிருப்பு, கிடங்கு போன்ற கட்டடங்கள்தான். கடன் அளவும் கட்டட வகைகளும் கொஞ்சம் வேறுபடும், அது உண்மை. அதை வைத்து மட்டும் இவ்வளவு பெரிய இடைவெளியை விளக்க முடியாது. அதே வருஷக் கடைசியில் பிளாக்ஸ்டோன் என்ற முதலீட்டு நிறுவனத்தின் தனியார் ரியல் எஸ்டேட் ஃபண்டான பிரீட்டில் பலர் ஒரே சமயத்தில் பணத்தைத் திரும்பக் கேட்டார்கள். ஃபண்டின் மதிப்பில் மாதத்துக்கு 2 சதவீதம், காலாண்டுக்கு 5 சதவீதம்தான் திரும்பக் கொடுப்போம் என்ற வரம்பு விதியிலேயே இருந்ததால், கேட்டவர்களுக்குக் கேட்டது முழுசாகக் கிடைக்கவில்லை. திரையில் தெரியும் மதிப்பும் வேண்டும்போது கைக்கு வரும் பணமும் வேறு வேறு.

பிரைவேட் ஈக்விட்டியில் ஐஆர்ஆர் என்ற எண்ணை (பணம் போன தேதியையும் வந்த தேதியையும் வைத்துக் கணக்கிடும் வருடாந்திர வருமான விகிதம்) அப்படியே பங்கு வருமானத்தின் பக்கத்தில் வைப்பதும் பெரிய தவறு. இந்த ஃபண்டுகள் நீங்கள் தருவதாக ஒப்புக்கொண்ட பணத்தை முதலிலேயே வாங்காமல், வேண்டும்போது கேட்கும். ஒரு ஃபண்ட் ஒரு கம்பெனியை 100க்கு வாங்கி இரண்டு வருஷத்தில் 130க்கு விற்கிறது. உங்கள் பணத்தை முதல் நாளே கேட்டிருந்தால் ஐஆர்ஆர் 14 சதவீதம், லாபம் 30. அதற்குப் பதில் முதல் வருஷம் வங்கிக் கடனில் ஓட்டிவிட்டு, வட்டியோடு 106ஐ உங்களிடம் ஒரு வருஷம் கழித்துக் கேட்டால் ஐஆர்ஆர் கிட்டத்தட்ட 23 சதவீதம், லாபம் 24. சதவீதம் ஏறியிருக்கிறது, லாபம் குறைந்திருக்கிறது! அந்த ஒரு வருஷம் உங்கள் பணம் "எப்போது கேட்பார்களோ" என்று வங்கியில் கிடந்தது, அது ஐஆர்ஆர் கணக்கிலேயே வராது. அதனால் போட்டது எத்தனை மடங்காகத் திரும்பியது என்பதையும் சேர்த்துக் கேளுங்கள், அதுவும் கட்டணம் போன பிறகு. வருஷத்துக்கு 2 சதவீதமும் லாபத்தில் 20 சதவீதமும் என்பது இந்தத் தொழிலில் வெகுகாலமாகப் பழகிப்போன கட்டணம்.

கடைசியாக, சராசரி. குறியீட்டு ஃபண்ட் வாங்கினால் சந்தையின் சராசரி ஏறத்தாழ அப்படியே கிடைக்கும். பிரைவேட் ஈக்விட்டியில் நல்ல ஃபண்டுக்கும் மோசமான ஃபண்டுக்கும் இடைவெளி மிகப் பெரிது, நல்லதில் இடம் கிடைப்பதும் சுலபமில்லை. வீடும் அப்படித்தான். நீங்கள் வாங்குவது ஒரு தெருவில் ஒரு வீடு, ஊர் சராசரி 8 சதவீதம் ஏறியது என்பது அந்த ஒரு வீட்டைப் பற்றி எதுவும் சொல்லாது. எந்த முதலீட்டின் சராசரியை யார் காட்டினாலும், அதைக் காசு கொடுத்து வாங்க வழி இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். வழி இல்லையென்றால் உங்கள் கையில் இருக்கும் வீட்டுக்கோ ஃபண்டுக்கோ தனியாகக் கணக்குப் போடுங்கள்: எந்தத் தேதியில் எவ்வளவு போனது, எந்தத் தேதியில் எவ்வளவு வந்தது.