நாடுகடத்தப்பட்ட பெண் கைதிகள்: வரலாறு தேடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

1788 முதல் 1853 வரை சுமார் 25,000 பெண்கள் பிரிட்டனிலிருந்தும் அயர்லாந்திலிருந்தும் கைதிகளாக ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேற்றப்பட்டார்கள். ஏறத்தாழப் பாதிப் பேர் போய்ச் சேர்ந்த இடம் வான் டீமன்ஸ் லேண்ட், அதாவது இன்றைய டாஸ்மேனியா. பெரும்பாலோர் வீட்டு வேலை செய்து பிழைத்த ஏழைகள். சாதாரணமாக அப்படிப்பட்ட ஒரு பெண்ணைப் பற்றி யாரும் எதையும் எழுதிவைக்க மாட்டார்கள். கைதியானதும் உயரம், கண்ணின் நிறம், கையிலிருந்த தழும்பு வரை பதிவேட்டில் ஏறின. ஆவணம் இவ்வளவு கிடைக்கும்போதுதான் ஏமாந்துபோகிறோம். எழுதியவர்கள் அவரைக் காவல் காத்தவர்கள். அவர்கள் பார்த்த பார்வையையே அந்தப் பெண்ணின் வாழ்க்கை என்று நாமும் எழுதிவிடுகிறோம்.

இதில் முதலாவதும் பெரியதுமான தவறு நடத்தைப் பதிவேட்டை வாழ்க்கை வரலாறாகப் படிப்பது. டாஸ்மேனிய ஆவணக் காப்பகம் இந்தப் பதிவேடுகளை இணையத்தில் வைத்திருக்கிறது. குடிபோதை, அனுமதியின்றி வெளியே போனது, எதிர்த்துப் பேசியது, அதற்குத் தனிமைச் சிறை என்று வரிசையாகக் குற்றங்கள் வரும். படித்து முடித்தால் அடங்காத ஒரு பெண்தான் மனதில் நிற்பார். ஆனால் இந்தப் பெண்கள் குடியேறிகளின் வீடுகளுக்கு வேலைக்காரிகளாக அனுப்பப்பட்டவர்கள். பெரும்பாலும் எஜமானரோ எஜமானியோ நீதிபதியிடம் புகார் சொல்லித்தான் பதிவேட்டில் ஒரு வரி ஏறும். அந்த வீட்டில் அவருக்கு என்ன நடந்தது என்பதற்கு அங்கே இடமில்லை. ஏழு வருடத் தண்டனையில் ஆறு பதிவுகள் இருந்தால், மற்ற நாட்களெல்லாம் வேலை செய்து கழிந்தவை. தேதிகளை ஒரு தாளில் வரிசையாகக் குறித்து, இடைவெளிகளைப் பாருங்கள். ஒரு வீட்டில் மட்டும் புகார்கள் குவிந்திருந்தால், அந்த வீட்டைப் பற்றித்தான் முதலில் விசாரிக்க வேண்டும்.

அதே பதிவேட்டில் பலர் தவறவிடும் பகுதி ஒன்று உண்டு. கப்பல் வந்து சேர்ந்ததும் அதிகாரிகள் ஒவ்வொருவரையும் விசாரித்து, அவர் தன் குற்றத்தைப் பற்றிச் சொன்னதை எழுதிக்கொண்டார்கள். எதைத் திருடினார், யாரிடம், முன்பு தண்டனை உண்டா என்றெல்லாம் சில சொற்களில் இருக்கும். அதிகாரியின் கையெழுத்துதான் என்றாலும் அந்தப் பெண்ணின் பேச்சுக்கு மிக அருகில் நாம் போக முடிவது இங்கேதான். கிறுக்கலாக இருக்கிறது என்று தாண்டிப் போகாதீர்கள்.

ஒழுக்கம் பற்றிய முத்திரைகளை அப்படியே நம்புவது அடுத்த தவறு. விபச்சாரம் நாடுகடத்தலுக்குரிய குற்றமே அல்ல. பெரும்பாலோர் வந்தது திருட்டுக்காக. இருந்தும் அந்தப் பெயர் இன்றுவரை ஒட்டிக்கொண்டிருக்கிறது. சிட்னியில் பாதிரியார் சாமுவேல் மார்ஸ்டன் 1806-இல் குடியேற்றத்துப் பெண்களுக்கு ஒரு பட்டியல் தயாரித்தார். கிட்டத்தட்ட எல்லோரையும் ‘மணமானவர்’, ‘வைப்பாட்டி’ என்ற இரண்டே வகைக்குள் அடைத்தார். இங்கிலாந்துத் திருச்சபை முறையில் நடந்த திருமணத்தை மட்டுமே அவர் ஏற்றார். கத்தோலிக்க முறையில் மணந்து கணவனோடும் பிள்ளைகளோடும் வாழ்ந்தவரும் அதனால் வைப்பாட்டி ஆனார். அந்தப் பட்டியலை ஆதாரமாக எடுத்து ஒருவரின் குணத்தைத் தீர்மானிப்பது அநியாயம்.

சிட்னி அருகே பரமட்டா, டாஸ்மேனியாவில் ஹோபார்ட்டின் காஸ்கேட்ஸ், லான்செஸ்டன் ஆகிய இடங்களின் பெண்கள் தொழிற்கூடங்களை வெறும் சிறை என்று நினைப்பதும் சிக்கல் தரும். ஒரே வளாகத்தில் சிறை, வேலைத்தலம், மருத்துவமனை, பிரசவ அறை, வேலைக்கு அனுப்பும் முகாம் எல்லாம் இருந்தன. 1830-இல் ஒருவர் காஸ்கேட்ஸில் இருந்தார் என்றால் தண்டனைக்காக வந்திருக்கலாம். நோய்க்காகவோ பிரசவத்துக்காகவோ வந்திருக்கலாம். அடுத்த வீட்டுக்குக் காத்திருந்தும் இருக்கலாம். வேலைக்குப் போன வீட்டில் கர்ப்பமானவரைத் தொழிற்கூடத்துக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள். குழந்தை பால் மறந்ததும் தாயைத் தண்டனைப் பிரிவுக்கு மாற்றினார்கள். தகப்பன் பெயரைத் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது.

பெயரை மட்டும் வைத்துத் தேடாதீர்கள். மேரி ஸ்மித்கள் ஏராளம். எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியதால் எழுத்துக்கூட்டலும் மாறும். அதிகாரிகளே கப்பல் பெயரைச் சேர்த்துத்தான் ஆளை அடையாளம் கண்டார்கள். நீங்களும் அப்படியே செய்யுங்கள், வந்த ஆண்டையும் சேர்த்து. கார்லண்ட் குரோவ் கப்பல் 1841-லும் 1843-லும் பெண்களை ஹோபார்ட்டுக்குக் கொண்டுவந்தது. புனைபெயர்களும் உண்டு. குதிரை திருடியதற்காகப் பிடிபட்டபோது மேரி ஹேடாக் என்ற சிறுமி ஆண் உடையில், ஜேம்ஸ் பரோ என்ற பெயரில் இருந்தார். 1792-இல் சிட்னி வந்த அவர்தான் பின்னாளில் பெரும் வணிகரான மேரி ரெய்பி. இன்று ஆஸ்திரேலியாவின் 20 டாலர் நோட்டில் இருப்பவர்.

தீர்ப்பு வந்துவிட்டது என்பதற்காகக் கப்பல் ஏறிவிட்டார் என்று முடிவு கட்ட வேண்டாம். மன்னிப்புப் பெற்றவர்களும், உள்நாட்டுச் சிறையிலேயே காலத்தைக் கழித்தவர்களும் உண்டு. கப்பல் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பார்த்த பிறகே மேலே போகலாம். மரண தண்டனை என்று எழுதியிருந்தாலும் தேடலை நிறுத்தாதீர்கள். அது நாடுகடத்தலாகக் குறைக்கப்பட்டவர்கள் பலர். திருடிய பொருளின் மதிப்பையும் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. 1827 வரை ஒரு வீட்டுக்குள் 40 ஷில்லிங் பெறுமான பொருளைத் திருடினால் தூக்கு. ஜூரிகள் வேண்டுமென்றே 39 ஷில்லிங் என்று குறைத்து உயிரைக் காப்பாற்றினார்கள்.

அயர்லாந்துப் பெண்களைத் தேடுபவர்களுக்கு ஒன்று. 1922-இல் டப்ளினில் பொது ஆவணக் காப்பகம் எரிந்தபோது 1836-க்கு முந்தைய நாடுகடத்தல் பதிவேடுகள் அழிந்தன. அந்தக் காலத்துக்கு ஆஸ்திரேலியாவில் இருக்கும் கப்பல் பட்டியல்களிலிருந்துதான் பின்னோக்கிப் போக வேண்டும். மேற்கு ஆஸ்திரேலியாவில் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். 1850 முதல் 1868 வரை அங்கே அனுப்பப்பட்ட கைதிகள் எல்லோரும் ஆண்கள்.

விடுதலைச் சான்றிதழோடு பலர் தேடலை நிறுத்திவிடுகிறார்கள். கைதிப் பதிவேடு அங்கே முடியும்; ஆனால் அந்தப் பெண்ணுக்கு அப்போது முப்பது வயதுகூட ஆகாமல் இருக்கலாம். திருமண அனுமதி விண்ணப்பங்களைப் பாருங்கள். மணமக்கள் இருவரும் கைதிகள் என்றால் இருவருடைய கப்பல் பெயரும் இருக்கும். அவர் அடுத்து எந்தக் குடும்பப்பெயரில் வாழ்ந்தார் என்பதும் அதிலிருந்து தெரியும். கூடவே கப்பலேறி வந்த குழந்தைகளை ஹோபார்ட் அருகே நியூ டவுன் அநாதைப் பள்ளியின் பதிவேட்டில் தேடலாம். தாய் உயிரோடு இருக்கும்போதே பலர் அங்கே சேர்க்கப்பட்டார்கள். பிறகு பிறப்பு, இறப்புப் பதிவுகள். ஆஸ்திரேலிய தேசிய நூலகத்தின் ‘ட்ரோவ்’ தளத்தில் பழைய செய்தித்தாள்களைக் கட்டணமின்றித் தேடலாம். அங்கே கன்னிப் பெயரை விட்டுவிட்டு, கணவனின் குடும்பப்பெயரைக் கொடுத்துப் பாருங்கள்.