டுவாஃப்ளெக்ஸ் கண்ணாடிக்கு மேல் ஒரு கறுப்புக் குழாய்

கோடாக் டுவாஃப்ளெக்ஸ் ஒரு பழைய ஃபிலிம் கேமரா. மேலிருந்து குனிந்து பார்க்கும் அதன் வியூஃபைண்டர் கண்ணாடியில் தெரியும் காட்சியை டிஜிட்டல் கேமராவால் எடுப்பதுதான் வேலை. முதலில் எடுத்தபோது, நடுவில் காட்சிக்குப் பதில் வானமும் என் சட்டையும்தான் விழுந்தன. மேல்கண்ணாடி புடைத்திருப்பதால் சுற்று வெளிச்சத்தையெல்லாம் வாரிக்கொள்ளும். துடைத்துப் பயனில்லை, வெளிச்சத்தை அடைக்க வேண்டும்.

டிஜிட்டல் கேமராவின் 50 மி.மீ. மேக்ரோ (மிக அருகில் எடுக்கும்) லென்ஸில், கண்ணாடிச் சதுரம் ஃபிரேமின் உயரத்தை நிரப்பும் தூரத்தை அளந்து, இரு கேமராக்களுக்கும் இடையே வைக்க அதே நீளத்துக்குத் தடித்த அட்டையில் குழாய் செய்தேன். கறுப்பு சார்ட் பேப்பர்கூடப் பளபளக்கும். உட்புறம் கறுப்பு வெல்வெட் ஒட்டி, இரு முனைகளிலும் இடுக்குகளைத் துணி டேப்பால் மூடியபின்தான் வெளுப்பு போயிற்று.

ஆட்டோஃபோகஸை நம்பாதீர்கள், தூசிக்கும் காட்சிக்கும் இடையே அலையும். மேனுவலில் காட்சிக்கு ஃபோகஸ் வைத்து லென்ஸ் துளையை எஃப்/8 அளவுக்குச் சிறிதாக்கினால் தூசியும் ஓரளவு தெளியும். அந்தத் தூசிதான் அழகே, ஊதிவிடாதீர்கள்! சுற்றிலும் கறுப்பு என்பதால் கேமராவின் ஒளியளக்கும் மீட்டர் ஏமாந்து படத்தை வெளிறவைக்கும். ஸ்பாட் மீட்டரிங் (ஒரு சிறு இடத்தின் ஒளியை மட்டும் அளப்பது), அல்லது எக்ஸ்போஷரில் ஒரு ஸ்டாப் குறைவு, அதாவது பாதி ஒளி. டுவாஃப்ளெக்ஸில் ஃபிலிம் தேவையில்லை.

காட்சி இடவலம் மாறித் தெரியும், ஆகவே கேமராவை நகர்த்தும்போது கை குழம்பும். கடைப் பலகை எழுத்து இருந்தால் எடிட்டிங்கில் கிடைமட்டமாகத் திருப்பிவிடுங்கள்.