அனுப்பிவிட்டால் போதுமா? வகுப்பறைத் தொழில்நுட்பத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பல்லடத்துக்கும் திருப்பூருக்கும் இடைப்பட்ட ஒரு பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் நடத்தி வருகிறேன். சில ஆண்டுகளுக்கு முன்பு, ஒருநாள் இரவு ஏழரை மணிக்கு வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் மறுநாள் தேர்வுக்கான அறிவிப்பைப் போட்டேன். காலையில் ஒரு மாணவன் எதுவும் படிக்காமல் வந்திருந்தான். அவனுடைய தாயிடம் கேட்டபோது, "போனு அவங்கப்பாகூடக் கம்பெனிக்குப் போயிருதுங்க சார், ஒன்றரை ஷிப்ட் முடிச்சு அவரு வர்றப்போ இவன் தூங்கிப்போயிர்றானுங்க" என்றார். பனியன் கம்பெனியை நம்பிய வீடுகளில் கைபேசி ஒன்றுதான் இருக்கும் என்பதும், அது வீட்டில் இருக்கும் நேரம் குறைவு என்பதும் எனக்குத் தெரியாதவை அல்ல. தெரிந்திருந்தும், அனுப்பியதோடு என் வேலை முடிந்தது என்று எண்ணியிருந்தேன்.

தகவல் தொடர்பில் நாம் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த எண்ணத்திலிருந்தே கிளைக்கின்றன. குழுவில் போட்ட செய்தியை யார் யார் திறந்தார்கள் என்ற பட்டியலைச் செயலி காட்டும். ஆனால் திறந்தவர் தகப்பனாரா, விளையாட்டுக்காகக் கைபேசியை எடுத்த தம்பியா, படித்தவருக்குப் பொருள் விளங்கியதா என்பதை எந்த நீலக் குறியும் சொல்லாது. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து இங்கே தையலிலும் சாயப்பட்டறையிலும் வேலை செய்யும் குடும்பங்களில், பிள்ளைகள் ஓரிரு ஆண்டுகளில் தமிழைச் சரளமாகப் பேசவும் படிக்கவும் பழகிவிடுகிறார்கள். பெற்றோரில் பலருக்குத் தமிழ் எழுத்து படிக்க வராது. அவர்களுக்கு இரண்டு பக்கச் சுற்றறிக்கையைக் கோப்பாக அனுப்புவதைவிட, அரை நிமிடக் குரல் பதிவு பயன்படும். அதைவிடவும், மாணவனே வகுப்பில் நாட்குறிப்பில் எழுதிக்கொண்டு போய் வீட்டில் சொல்வது பயன்படுகிறது. குழுவில் போடுவதை நான் நிறுத்தவில்லை. பள்ளி மணி அடிப்பதற்கு முன்பே நாட்குறிப்பில் எழுதவைக்காத எதையும் குழுவில் மட்டும் போடுவதில்லை.

எழுத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். தமிழை ஆங்கில எழுத்துகளில் தட்டி அனுப்பும் பழக்கம் ஆசிரியர்களிடமும் இருக்கிறது. அப்படித் தட்டும்போது பள்ளிக்கும் பல்லிக்கும், மலைக்கும் மாலைக்கும் வேறுபாடு இருப்பதில்லை. ல, ள, ழ ஆகியவற்றைப் பிரித்து எழுத வகுப்பில் படாதபாடு படுகிறவர்களே மாலையில் அந்த மூன்றையும் ஒன்றாக்கி அனுப்புவது சற்று வேடிக்கைதான். தமிழ்நாடு அரசு 2010இல் ஒருங்குறியை (யூனிகோடு) எழுத்துத் தரமாக ஏற்றுக்கொண்ட பிறகும், பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த அறிவிப்பை அப்படியே வெட்டி ஒட்டுகிறார்கள். பெற்றோரின் திரையில் அது பொருளற்ற குறிகளாக விழுகிறது. நம் கணினியில் சரியாகத் தெரிவதால் நமக்கு அது தெரியவே வருவதில்லை. மதிப்பெண் பட்டியலையும் மாணவர்களின் படங்களையும் பொதுக் குழுவில் போடுவது இன்னொரு தவறு. 2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாதவர்களைக் குழந்தைகளாகக் கருதி, அவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதலைக் கேட்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும், குறைந்த மதிப்பெண் எடுத்த பிள்ளையின் பெயர் நாற்பது வீடுகளின் திரையில் நிற்பது நியாயமல்ல.

வகுப்பறைக்குள் வந்தால், திரையில் ஓடுவதைப் பாடம் நடத்துவதாகக் கருதுவதே முதன்மையான தவறு. 2018 முதல் வந்த நம் பாடநூல்களில் காணொளிகளைத் திறக்கும் கியூஆர் கோடு அச்சிடப்பட்டது; 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி தொடங்கப்பட்டது. 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டபோது இரண்டும் கைகொடுத்தன என்பதை மறுக்க முடியாது. ஆனால் தொலைக்காட்சிக்குப் பிள்ளையின் முகம் தெரியாது. நெற்றி சுருங்குவதைப் பார்த்து அது நிற்காது. ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகள் 2021 நவம்பர் 1இல் மீண்டும் திறக்கப்படுவதற்குச் சில நாள்களுக்கு முன்பு, தன்னார்வலர்களைத் தெருத்தெருவாக அமர்த்தும் இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தை அரசு தொடங்க வேண்டியிருந்தது. தொலைக்காட்சியும் கியூஆர் கோடும் ஏற்கெனவே இருந்தும் எதிரே உட்கார்ந்து கேட்கும் ஓர் ஆள் தேவைப்பட்டார் என்பதை, திறன் பலகை (ஸ்மார்ட் போர்டு) வாங்கும் பள்ளிகள் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

எங்கள் பள்ளிக்கும் திறன் பலகை வந்தது. எளிய எந்திரங்களைப் பற்றிய இருபது நிமிடக் காணொளியை முதல் ஆண்டு முழுவதுமாக ஓட்டினேன்; வெளிநாட்டுத் துறைமுகம் ஒன்றில் பாரம்தூக்கி இயங்குவதை மாணவர்கள் வாய்பிளந்து பார்த்தார்கள், தேர்வில் ஒன்றும் எழுதவில்லை. மறு ஆண்டு நான்காம் நிமிடத்தில் நிறுத்திவிட்டு, பள்ளிக்குப் பின்னால் கேட்டுக்கொண்டே இருக்கும் விசைத்தறிச் சத்தத்தைக் காட்டி, மோட்டாரில் சின்னப் புல்லியும் தறியில் பெரிய புல்லியும் ஏன் மாட்டியிருக்கிறார்கள் என்று கேட்டேன். அதுவரை வகுப்பில் வாயே திறக்காத ஒரு பையன் எழுந்து, "தறி நெதானமா ஓடோணும்ங்க சார், இல்லாட்டி நூல் அறுந்துக்கும்ங்க" என்றான். நாலு அங்குலப் புல்லி பன்னிரண்டு அங்குலப் புல்லியைச் சுழற்றினால் வேகம் மூன்றில் ஒரு பங்காகும் என்ற கணக்கு அதன்பின் கரும்பலகையில் ஐந்தே நிமிடத்தில் முடிந்தது. காணொளியை நான் குறை சொல்லவில்லை. அதை எங்கே நிறுத்துவது என்று முன்கூட்டியே திட்டமிடாமல் வகுப்புக்குள் நுழைவதைத்தான் தவறு என்கிறேன்.

கரும்பலகையைக் கைபேசியில் படம் பிடித்துக்கொண்டு எழுதாமல் விடுவது மேல்வகுப்புகளில் பரவிவரும் வழக்கம். மடிக்கணினியில் குறிப்பெடுப்பவர்கள் கேட்டதைச் சொல்லுக்குச் சொல் பதிவுசெய்யும் போக்கு உடையவர்கள் என்றும், கையால் எழுதியவர்களைவிடக் கருத்து சார்ந்த வினாக்களில் பின்தங்கினர் என்றும் முல்லர், ஓப்பன்ஹைமர் ஆகிய உளவியல் ஆய்வாளர்கள் 2014இல் எழுதினர். பின்வந்த ஆய்வுகள் சிலவற்றில் அந்த வேறுபாடு அவ்வளவாகத் தெரியவில்லை. ஆகவே கையெழுத்துக்கு மந்திர சக்தி இருப்பதாக நான் வாதிட மாட்டேன். 2006இல் ரோடிகர், கார்ப்பிக்கே ஆகிய உளவியல் ஆய்வாளர்கள் காட்டியது இன்னும் உறுதியானது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தால் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் முந்துகிறார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தால், பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே முந்துகிறார்கள். படம் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும், அன்று இரவு அதைப் பார்க்காமல் அரைப்பக்கம் எழுதச் சொல்வதே ஆசிரியர் செய்யக்கூடியது.

2022 நவம்பர் 30இல் சாட்ஜிபிடி என்ற செயற்கை நுண்ணறிவுச் செயலி வெளியான பிறகு வீட்டுப்பாடத்தின் தன்மையே மாறிவிட்டது. இத்தகைய செயலிகள் ஏராளமான எழுத்துகளில் பழகி, அடுத்து வரத்தக்க சொல்லைக் கணித்து எழுதுபவை; எழுதியது உண்மையா என்று தாமாகச் சரிபார்ப்பது அவற்றின் அடிப்படை வேலை அல்ல. இணையத்தில் தமிழ் எழுத்து குறைவாக இருப்பதால், உள்ளூர்ச் செய்திகளில் அவை வழுக்கும் வாய்ப்பும் கூடுதல். என் மாணவன் ஒருவன் அத்தகைய செயலியைக் கேட்டு, நொய்யல் ஆறு பவானியில் கலக்கிறது என்று அழகான தமிழில் எழுதி வந்தான். வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவையையும் திருப்பூரையும் கடந்து, ஒரத்துப்பாளையம் அணையைத் தாண்டி, கரூர் மாவட்டத்தில் நொய்யல் என்ற ஊரருகே காவிரியில் அது சேர்கிறது. அந்த ஆற்றுப் பாலத்தைத் தினமும் கடந்து வரும் பையன் அவன். வாக்கியம் தடுமாறாமல் இருந்ததால் செய்தியைச் சந்தேகிக்க அவனுக்குத் தோன்றவில்லை.

இதைக் கண்டதும் செயலியைத் தடைசெய்வதும், எந்திரம் எழுதியதைக் கண்டுபிடிக்கும் மென்பொருளை நம்பி மாணவனைக் குற்றவாளியாக்குவதும் அடுத்த தவறுகள். அம்மென்பொருள்கள் மனிதர் எழுதியதையும் எந்திரத்தினுடையது என்று காட்டிவிடுகின்றன; அந்த ஒரு தவறு ஒரு பிள்ளைக்கு ஆண்டு முழுவதும் வலிக்கும். நான் இப்போது பத்து மதிப்பெண் ஒப்படைவில் நான்கை எழுத்துக்கும் ஆறைப் பேச்சுக்கும் வைத்திருக்கிறேன். எழுதியதில் ஏதாவது ஒரு வரியைத் தொட்டு, இது உனக்கு எப்படித் தெரியும், யாரிடம் கேட்டுச் சரிபார்த்தாய் என்று கேட்பேன். நாற்பது பேரையும் கேட்டு முடிக்க நான்கு பாடவேளைகள் ஆகின்றன. நொய்யலைப் பற்றி எழுதியவன் மறுமுறை மாவட்ட வரைபடத்தோடு வந்து, ஒரத்துப்பாளையத்துக்குக் கீழே ஆற்றின் போக்கை விரலால் காட்டிவிட்டே உட்கார்ந்தான்.