அனலாக் ஹவுஸ் ஜோடிகளோட புது ரிலீஸ தவற விடாம பிடிக்க

பெரிய மியூசிக் ஆப்ல ஃபாலோ அமுக்கிட்டு உக்காந்திருந்தா அனலாக் மிஷின்கள வச்சு ஹவுஸ்ங்கற டான்ஸ் மியூசிக் பண்ற இந்த மாதிரி சின்ன ஜோடிகளோட புது ஈபி (சில ட்ராக் மட்டும் இருக்கற சின்ன ரிலீஸ்) கண்ணுலயே படாது, பட்டாலும் வினைல் ரெக்கார்ட் வித்து தீர்ந்த அப்புறம்தான் படும். அதனால ஆர்டிஸ்ட மட்டும் நம்பாம லேபிள, அதாவது ரெக்கார்ட வெளியிடுற கம்பெனிய பிடிங்க. உங்களுக்கு பிடிச்ச பழைய ரெக்கார்ட் எந்த லேபிள்ல வந்துச்சுன்னு பாத்து பேண்ட்கேம்ப்ங்கற மியூசிக் விக்கற சைட்ல அந்த லேபிளயே ஃபாலோ பண்ணிடுங்க, புதுசா ஏதாவது போட்டா மெயில் வந்துரும். அடுத்து டிஸ்காக்ஸ்ல (ரெக்கார்ட் விவரமெல்லாம் இருக்கற, ரெக்கார்ட் வாங்கி விக்கற சைட்) ஜோடில இருக்கற அந்த ரெண்டு பேரோட பக்கத்துக்கும் தனித்தனியா போங்க, வேற என்ன பேருல எல்லாம் ரிலீஸ் பண்றாங்கன்னு அங்க இருக்கும், இந்த ஆளுங்களுக்கு புனைபேர் மேல அப்படி ஒரு ஆசை.

வாங்குறதுக்கு முன்னாடி ஹெட்ஃபோன்ல கேளுங்க ப்ளீஸ். 909ங்கற ரோலண்ட் கம்பெனி டிரம் மிஷினோட கிக் (பேஸ் டிரம் அடி) சத்தத்தோட அடித்தளம் சுமார் 50 ஹெர்ட்ஸ்ல இருக்கு, ஃபோன் ஸ்பீக்கர்ல அது வரவே வராது, வெறும் டொக் டொக்னு கேட்டுட்டு "ட்ராக் சப்பை"னு முடிவு பண்ணிடாதீங்க. பேஸ்லைன கவனிங்க, கையால நாப் திருகி ரெக்கார்ட் பண்ணதுன்னா ஃபில்டர் (சத்தத்தோட கூர்மைய கூட்டி குறைக்கற பகுதி) ஏறி இறங்குறது ஒவ்வொரு சுத்துலயும் கொஞ்சம் மாறும். 303ங்கற பேஸ் சிந்தசைசர் அப்படி நாப் திருகி பொழச்ச மிஷின்தான், பேஸ் கிட்டாருக்கு பதிலா விக்கலாம்னு ரோலண்ட் கொண்டு வந்து போணியாகாம 1984லயே நிறுத்திட்டாங்க, சிகாகோல ஃபியூச்சர் குரூப் அதோட நாப்ஸ திருகு திருகுனு திருகி 1987ல "ஆசிட் ட்ராக்ஸ்"ங்கற ரெக்கார்ட விட்ட அப்புறம் கதையே வேற. அதுக்காக "நூறு சதவீதம் அனலாக்"னு அட்டைல போட்டிருக்கறத அப்படியே நம்பவும் வேணாம், 909லயே ஹை-ஹாட்டும் சிம்பலும் 6-பிட் டிஜிட்டல் சாம்பிள்தான்.

டிஜிட்டல்னா ஃப்ளாக் இல்லேன்னா வேவ் ஃபைல் (தரம் குறையாத ஃபார்மட்) எடுங்க, பேண்ட்கேம்ப்ல ஓசில கேக்குறது 128 கேபிபிஎஸ் எம்பி3, அத வச்சு சவுண்ட எடை போட முடியாது. வினைல்னா நிமிஷத்துக்கு 33 சுத்தா 45 சுத்தான்னு ரெக்கார்ட் நடுவுல ஒட்டியிருக்கற லேபிள்ல பாத்துட்டு போடுங்க, குரலே இல்லாத ட்ராக்ல ஸ்பீட் மாறினா கண்டுபிடிக்கறது கஷ்டம், 33ல ஓட வேண்டிய 124 பிபிஎம் (நிமிஷத்துக்கு 124 பீட்) ட்ராக் 45ல 167ஆ ஓடும், நீங்க பாட்டுக்கு ஏதோ புது ஸ்டைல்னு தலையாட்டிட்டு இருப்பீங்க.

வித்து தீந்துருச்சுன்னா உடனே டிஸ்காக்ஸ்ல கொள்ளை விலைக்கு ஓடாதீங்க. நல்லா போன ரெக்கார்ட லேபிளே திரும்ப அடிக்க வாய்ப்பு இருக்கு, விஷ்லிஸ்ட்ல போட்டு வச்சுட்டு அதுவரைக்கும் ஃப்ளாக் கேளுங்க.